பயிரிலிருந்து பெறப்படும் பிளாத்திக்கு: கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

முன்னுரை

பொலிதீன் கமத்தொழிலுக்குப் புதியதொரு பொருளன்று. நாற்றுப் பை, பசளைப் பையின் உள்ளுறை, பாத்திகளை மூடும் தாள், சொட்டு நீர்ப்பாசனக் குழாய் எனப் பல உருவங்களில் அது தோட்டத்தில் இடம்பிடித்துவிட்டது. அதனால் விளைந்த நன்மையைக் கமக்காரர் நன்கு அறிவர். அதனால் விளைந்த தொல்லையும் அவர்கள் அறியாததன்று. போகம் முடிந்து நிலத்தைக் கொத்தும்போது மண்வெட்டியில் கிழிந்த தாள்கள் சிக்குகின்றன. மழை பெய்தால் வாய்க்கால் வாயிலைப் பைகள் அடைத்துக்கொள்கின்றன. மேய்ச்சலுக்குச் செல்லும் மாடு அவற்றை விழுங்கிவிடுகிறது.

இத்தொல்லைக்கு மாற்றாக, தாவரத்திலிருந்து செய்யப்பட்ட பிளாத்திக்கு இப்பொழுது பேசப்படுகிறது. சோளம், கரும்பு, மரவள்ளி ஆகியவற்றிலிருந்து பையும் தாளும் செய்யலாம் என்பது உண்மையே. இதனையொட்டி இரண்டு கூற்றுகள் கமக்காரரின் காதில் விழுகின்றன. ஒன்று, இத்தாளை வாங்கிப் பாத்தியில் விரித்தால் அது தானே மண்ணில் மட்கிப்போகும் என்பது. மற்றொன்று, இத்தகைய ஆலைகளுக்கென்று பயிர் செய்தால் நல்ல விலை கிடைக்கும் என்பது. முதலாவது கூற்று கமக்காரரின் பணத்தையும் மண்ணையும் தொடுவது. இரண்டாவது அவரின் நிலத்தையும் உழைப்பையும் தொடுவது. ஆதலின் இவ்விரண்டையும் ஆராய்ந்து பார்த்தல் அவசியமாகும்.

பிளாத்திக்கு என்பது யாது?

ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலியாக அமைவதனாற் பிளாத்திக்கு உண்டாகிறது. பஞ்சிலும் வைக்கோலிலும் உள்ள செலுலோசும், அரிசியிலும் மரவள்ளியிலும் உள்ள மாப்பொருளும் இத்தகைய சங்கிலிகளே. இயற்கை அவற்றைக் கட்டுகிறது. மண்ணிலுள்ள பங்கசுகளும் பற்றீரியங்களும் அவற்றைப் பிரிக்கின்றன. பொலிதீனின் சங்கிலியோ காபனும் ஐதரசனும் மட்டும் கொண்டது. அதனைப் பிரிப்பதற்கேற்ற பிடி நுண்ணங்கிகளுக்கு எளிதிற் கிடைப்பதில்லை. அதனாலேயே அது பல்லாண்டுகள் அழியாது கிடக்கின்றது.

தாவரத்திலிருந்து பிளாத்திக்குச் செய்தல் புதுமையென்று எண்ணுதல் தவறு. 1870 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்பட்ட செலுலோயிட்டு பஞ்சின் செலுலோசிலிருந்து பெறப்பட்டது. பிரான்சில் இலெமோயின் என்னும் ஆய்வாளர், சில பற்றீரியங்கள் தம் உடலில் உணவாகச் சேமிக்கும் ஒருவகைப் பிளாத்திக்கை 1920களிற் கண்டறிந்தார். 1941 ஆம் ஆண்டில் என்றி போட்டு என்பார் தாவரப் பொருள்கள் கலந்த தகடுகளாற் செய்த மோட்டார் வண்டியொன்றை மக்களுக்குக் காட்டினார். எனினும், 1933 இல் இங்கிலாந்திற் பொலிதீன் கண்டுபிடிக்கப்பட்டதன் பின்னும், பெற்றோலியம் மலிவாகக் கிடைத்தமையாலும், தாவரப் பிளாத்திக்குகள் பின்தள்ளப்பட்டன. அவை பின்தங்கியமைக்குக் காரணம் செய்யும் முறை தெரியாமையன்று, விலையே காரணமாகும். இன்றும் அப்போட்டி முடிந்துவிடவில்லை.

இரண்டு வினாக்கள்

ஒரு பையையோ தாளையோ பற்றிக் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. அது எதிலிருந்து செய்யப்பட்டது? பயன்பட்டு முடிந்தபின் அது என்னவாகும்? முதல் வினாவிற்கு நல்ல விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் நல்ல விடை கிடைத்துவிட்டதெனப் பலர் கருதுகின்றனர். இது பெருந்தவறு. இவ்விரு வினாக்களின்படி பிளாத்திக்குகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. பெற்றோலியத்திலிருந்து செய்யப்பட்டு, மட்காதிருப்பது. வழக்கமான பொலிதீன் இவ்வகையைச் சேர்ந்தது.

2. தாவரத்திலிருந்து செய்யப்பட்டும் மட்காதிருப்பது. பிறேசில் நாட்டில் 2010 ஆம் ஆண்டு தொடக்கம் கரும்பிலிருந்து பெறும் மதுசாரத்தைக் கொண்டு பொலிதீன் செய்யப்படுகிறது. அது பிறந்த இடம் கரும்புத் தோட்டமாயினும், அதன் சங்கிலி பெற்றோலியப் பொலிதீனின் சங்கிலியே. ஆகவே அதனைப் போலவே இதுவும் மண்ணிற் கிடக்கும்.

3. தாவரத்திலிருந்து செய்யப்பட்டு, ஏற்ற நிலைமைகளில் மட்குவது. மாப்பொருட் கலவைகளும், பொலி இலத்திக்கமிலமும் இவ்வகையின. பாலைத் தயிராக்கும் நொதிப்பில் உண்டாகும் அதே இலத்திக்கமிலத்தைச் சீனியிலிருந்து நொதிக்கச் செய்து, பின்னர் சங்கிலியாகப் பிணைத்து இது பெறப்படுகிறது.

4. பெற்றோலியத்திலிருந்து செய்யப்பட்டும் மட்கக்கூடியது. பி.பி.ஏ.ரி. என்னும் பொருள் இதற்கு உதாரணமாகும். மண்ணில் மட்கும் மூடுபடைத் தாள்கள் பலவற்றில் இப்பொருளே பெரும்பங்காக இருக்கிறது. மாப்பொருளோ பொலி இலத்திக்கமிலமோ அதனுடன் கலக்கப்படுகிறது.

எனவே, "தாவரத்திலிருந்து செய்யப்பட்டது" என்னும் சொல் பொருளின் பிறப்பை மட்டுமே கூறுகிறது. அதன் இறப்பைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

வயலிலிருந்து ஆலைக்கு

ஒரு தொன் பிளாத்திக்குச் செய்ய எவ்வளவு பயிர் வேண்டும் என்பதை அறிந்தாலன்றி இத்தொழிலின் இலாப நட்டத்தைக் கணித்தல் இயலாது.

சீனியை மதுசாரமாக நொதிக்கச் செய்யும்போது அதன் நிறையில் ஏறத்தாழ அரைவாசி காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. மதுசாரத்தைப் பொலிதீனுக்குரிய வாயுவாக மாற்றும்போது நீரும் பிரிந்து செல்கிறது. ஆகவே, ஒன்றும் வீணாகாதவிடத்தும் ஒரு தொன் பொலிதீனுக்கு 3 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட சீனி வேண்டும். பிறேசிலின் நல்ல நிலத்தில் ஓர் எக்டேயர் கரும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 தொன் பொலிதீனைத் தரும்.

பொலி இலத்திக்கமிலத்தில் நட்டம் குறைவு. ஏனெனில் இலத்திக்கமில நொதிப்பிற் சீனியின் காபன் வாயுவாக வெளியேறுவதில்லை. ஆயினும் நடைமுறையில் ஒரு தொன் பிளாத்திக்குக்கு ஏறத்தாழ 2½ தொன் சோளம் செலவாகிறது. மரவள்ளியாயின், கிழங்கில் நூற்றுக்கு 25 பங்கு மாப்பொருள் உள்ளதெனக் கொண்டால், மிகக் குறைந்த கணக்கிலும் 4½ தொன் பச்சைக் கிழங்கு வேண்டும்.

உலகில் ஆண்டொன்றுக்குச் செய்யப்படும் பிளாத்திக்கு ஏறத்தாழ 400 மில்லியன் தொன் ஆகும். தாவரப் பிளாத்திக்கும் மட்கும் பிளாத்திக்கும் சேர்ந்து அதில் நூற்றுக்கு ஒரு பங்கையும் எட்டவில்லை. அத்தனை பிளாத்திக்கையும் கரும்பிலிருந்தே பெறுவதாயின், மேற்கூறிய கணக்கின்படி 130 மில்லியன் எக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தேவைப்படும். உலகில் நெல் விளையும் நிலப்பரப்பு ஏறத்தாழ 165 மில்லியன் எக்டேயர் என்பதை நோக்கும்போது இதன் பெருக்கம் புலனாகும். இன்று இத்தொழிலுக்குச் செல்லும் நிலம் மிகச் சிறிதே. ஆயினும் பெற்றோலியப் பிளாத்திக்கு முழுவதையும் அப்படியே தாவரப் பிளாத்திக்கு ஈடுசெய்துவிடும் என்னும் எண்ணத்திற்கு நிலம் இடங்கொடாது. பாவனையைக் குறைத்தலே முதலாவதாகச் செய்யத்தக்கது.

விலையும் வருமானமும்

தாவரப் பிளாத்திக்கின் விலை உலகச் சந்தையிற் பொலிதீனின் விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்காகவும், சில வேளைகளில் அதற்கு மேலாகவும் இருந்து வந்திருக்கிறது. இதற்குக் காரணங்கள் மூன்று. மூலப்பொருளின் நிறையில் ஒரு பகுதி செய்முறையிலேயே கழிந்துவிடுகிறது. நொதித்தல், தூய்மையாக்கல், சங்கிலியாகப் பிணைத்தல் எனப் படிகள் பல உள்ளன. ஆலைகளோ பெற்றோலிய ஆலைகளிலும் சிறியவை.

விலை கூடியதனாற் கமக்காரருக்கு இலாபம் கூடுமென்று கொள்ளலாகாது. ஆலை வாங்குவது சோளத்தையன்று, சோளத்திலுள்ள சீனியை. அதே சீனியைக் கரும்பிலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ பிறநாட்டுச் சோளத்திலிருந்தோ அது பெறமுடியும். எங்கு மலிவோ அங்கேயே அது செல்லும். நெபிராசுக்கா மாநிலத்திலுள்ள பிளெயர் என்னும் ஊரில் இத்தொழிலின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. அது பரந்த சோள வயல்களின் நடுவே இருக்கிறது. தாய்லாந்தின் இறயோங் மாகாணத்தில் 2018 இல் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 75,000 தொன் செய்யவல்லது. கரும்பு மலிவாக மலிந்து விளையும் நாட்டில் அது அமைந்திருக்கிறது.

அத்தகையதோர் ஆலையைச் சோளத்தால் நடத்துவதாயின் ஆண்டுக்கு 1,87,500 தொன் சோளம் வேண்டும். ஏக்கருக்கு 2 தொன் விளைவதாகக் கொண்டால் அது 93,750 ஏக்கரின் விளைச்சலாகும். இலங்கையில் விளையும் சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குச் செல்கிறது. உள்நாட்டு விலையும் பெரும்பாலும் உலகச் சந்தை விலையிலும் உயர்ந்திருந்து வந்துள்ளது. தீவனம் செய்வோர் கொடுக்கும் விலையைப் பிளாத்திக்கு ஆலை கொடுத்தல் அரிது. அது கொடுக்குமாயின் அதன் பிளாத்திக்கை வாங்குவோர் அரியர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இத்தொழிலின் போக்கு மசகெண்ணெயின் விலையோடு பிணைந்தது. 2014 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பீப்பாய்க்கு 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 இன் தொடக்கத்தில் 30 டொலரளவிற்கு வீழ்ந்தது. அவ்வாறு வீழும்போது பொலிதீன் மலிகிறது. தாவரப் பிளாத்திக்கின் சந்தை தளர்கிறது. அயோவா மாநிலத்தின் கிளின்றன் நகரில், சோளச் சீனியிலிருந்து பற்றீரியங்களைக் கொண்டு பிளாத்திக்குச் செய்வதற்கென ஆண்டுக்கு 50,000 தொன் செய்யவல்ல ஆலையொன்று கட்டப்பட்டது. செலவும் சந்தையும் நிச்சயமற்றவை என்று கூறி, அதன் பங்காளிகளுள் ஒருவர் 2012 சனவரியில் விலகிக்கொண்டார். அங்குள்ள கமக்காரர் தமது சோளத்தை வேறிடத்துக்கு விற்கக்கூடியவராயிருந்தனர். ஒரே ஆலையை நம்பி, அதற்கு மட்டுமே உதவும் பயிரை இட்ட கமக்காரரின் நிலை அவ்வாறிராது.

ஆகவே, ஆலைக்கெனப் பயிர் செய்யுமாறு எவரேனும் அழைப்பின், விலை எழுத்தில் உறுதி செய்யப்பட்டுள்ளதா, ஆலை வாங்காவிடின் விளைச்சலை வேறெவருக்கு விற்கலாம், விதைக்கும் பசளைக்கும் பெற்ற கடனை அப்போது யார் பொறுப்பர் என்னும் மூன்றையும் கேட்டறிந்த பின்னரே இசைதல் வேண்டும். உண்ணவும் விற்கவும் உதவும் பயிராயின் ஆபத்துக் குறைவு.

வைக்கோலை விற்கலாமா?

உணவுப் பயிரைப் பிளாத்திக்காக்குதல் தகாதென்று கருதுவோர், வைக்கோல், கரும்புச் சக்கை முதலிய கழிவுகளின் செலுலோசிலிருந்து சீனியைப் பெறலாமென்கின்றனர். இதற்கான முறைகள் உள்ளன. எனினும் அவை மாப்பொருளைச் சீனியாக்குவதிலும் செலவு மிக்கவை. நெற்செய்கையாளர் இவ்விடயத்தில் ஒரு கணக்கை மனத்திற் பதித்தல் வேண்டும்.

வைக்கோல் கழிவன்று. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோகிராம் பொட்டாசியம் உள்ளது. இது ஏறத்தாழ 30 கிலோகிராம் மியூரியேற்றுப் பொட்டாசுப் பசளையில் உள்ள அளவிற்குச் சமம். இதனைவிட நைதரசனும் சிலிக்காவும் சேதனப் பொருளும் அதில் அடங்கியிருக்கின்றன. வைக்கோலை வயலிலிருந்து ஏற்றி அனுப்புபவர் இவையனைத்தையும் ஏற்றி அனுப்புகிறார். ஆதலின், எவர் வைக்கோலை வாங்க வந்தாலும், 30 கிலோகிராம் பொட்டாசுப் பசளையின் விலையும், வைக்கோலைச் சேர்க்கும் கூலியும் ஒரு தொன்னுக்குக் கிடைக்காவிடின் அவ்விற்பனை நட்டமேயாகும். வைக்கோலை எரித்தலும் நன்றன்று. அதனைப் பரப்பி மட்கவிடுவதும், கூட்டெருவாக்குவதும், மரக்கறிப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடுவதும் சிறந்தனவாகும்.

காற்றுக்கு உண்மையில் நன்மையா?

ஒரு தொன் பொலிதீனை எரித்தால் ஏறத்தாழ 3.1 தொன் காபனீரொட்சைட்டு உண்டாகும். பெற்றோலியப் பொலிதீனாயின் அக்காபன் நிலத்தின் கீழிருந்து புதிதாகக் காற்றிற் சேர்வது. கரும்புப் பொலிதீனாயின் அது கரும்பு வளர்ந்தபோது காற்றிலிருந்து பெற்றதே. இவ்வேறுபாடு உண்மையானது, தாவரப் பிளாத்திக்கிற்குச் சார்பானது.

எனினும் கணக்கு இத்துடன் முடிவதில்லை. நிலத்தை உழும் இயந்திரத்திற்கும் நீரிறைக்கும் பம்பிக்கும் எரிபொருள் வேண்டும். யூரியா செய்வதற்கும் எரிவாயு வேண்டும். இட்ட நைதரசனில் ஒரு சிறு பங்கு நைதரசொட்சைட்டு வாயுவாக எழுகின்றது. அது நூறாண்டுக் கணக்கில் அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமூட்டவல்லது. ஆலைக்கும் நீராவியும் மின்சாரமும் வேண்டும். பிறேசிற் கரும்பாலைகள் தமது சக்கையையே எரித்து இவற்றைப் பெறுகின்றன. ஆதலால் அவற்றின் கணக்கு நன்றாயிருக்கிறது. நிலக்கரியையோ எரிவாயுவையோ எரிக்கும் ஆலையின் கணக்கு அவ்வளவு நன்றாயிராது. இவற்றிலும் மேலாக, பயிர் செய்வதற்கெனக் காட்டை வெட்டினால், மரத்திலும் மண்ணிலும் சேர்ந்திருந்த காபன் ஒரேயடியாக வெளியேறும். அதனை ஈடுசெய்யப் பல ஆண்டுகளின் விளைச்சலும் போதாது.

ஆகவே, "தாவரப் பிளாத்திக்கு காற்றுக்கு நல்லது" என்னும் கூற்று சில இடங்களில் மெய். சில இடங்களிற் பொய். எந்தப் பயிர், எந்த நிலம், எந்த எரிபொருள் என்பவற்றைக் கூறாது அதனை ஏற்கலாகாது.

மட்கும் என்பதன் பொருள்

பொலி இலத்திக்கமிலம் மட்கக்கூடியது என்பது மெய்யே. ஆனால் அதன் சங்கிலிகளை முதலில் நீர் துண்டிக்க வேண்டும். பின்னரே நுண்ணங்கிகள் அவற்றை உண்ணும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பநிலையை அணுகும்போதே அது இளகி, நீர் அதனுள் விரைவாகப் புகும். ஐரோப்பாவில் வழங்கும் கூட்டெருத் தரநிர்ணயம் 58 பாகையளவில், பெரிய கூட்டெரு நிலையங்களின் நிலைமைகளில், 6 மாதத்துள் நூற்றுக்கு 90 பங்கு மாற்றமடைவதையே எதிர்பார்க்கிறது. வீட்டுத் தோட்டத்துக் கூட்டெருக் குவியல் சில நாட்களுக்கு அவ்வெப்பத்தை எட்டலாம். வாரக்கணக்கில் அதனைத் தாங்கி நிற்பது அரிது. வயல் மண்ணின் வெப்பநிலையோ அதில் அரைவாசியளவே. ஆகவே, பொலி இலத்திக்கமிலத்தாலான குவளையையோ தட்டையோ வயலிலும் குளத்திலும் வீசினால் அது ஆண்டுக்கணக்கிற் கிடக்கும்.

மாப்பொருள் மிகுந்த தாள்கள் விரைவில் மட்கும். ஆனால் குப்பை மேட்டின் அடியிற் காற்றில்லாது புதைந்தால் அவை மெதேன் வாயுவை உண்டாக்கலாம். சேற்றில் அமிழ்ந்த வைக்கோல் அழுகும்போது எழும் குமிழிகளை நெற்செய்கையாளர் கண்டிருப்பர். அவ்வாயுவே இதுவாகும்.

இன்னொரு வகைத் தாளைக் குறித்து விசேட எச்சரிக்கை வேண்டும். சாதாரண பொலிதீனுடன் உலோக உப்புக்களைக் கலந்து, வெயிலிலே தூளாகுமாறு செய்வர். தூளாதல் வேறு, மட்குதல் வேறு. கண்ணுக்குத் தெரிந்த தாள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக மண்ணிற் கலப்பதே இங்கு நிகழ்வது. 2019 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையை 2021 தொடக்கம் சந்தையிலிருந்து விலக்கியது. பொலிதீனிற் சிறிது மாப்பொருளைக் கலந்து மட்கும் பையென்று விற்பதும் இதனையொத்ததே. மாப்பொருள் உண்ணப்படும், பொலிதீன் எஞ்சிநிற்கும்.

இலங்கையில் 2017 செத்தெம்பர் 1 ஆம் திகதி தொடக்கம் 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலிதீனும், உணவு பொதியிடும் பொலிதீன் தாளும் தடைசெய்யப்பட்டன. பிளாத்திக்கைத் திறந்த வெளியில் எரித்தலும் அன்று தொடக்கம் தடையாயிற்று. தடைக்குப் பின் மாற்றுப் பொருள்கள் பல சந்தைக்கு வருவது இயல்பே. அவற்றுள் நல்லதும் உண்டு, பெயரளவில் நல்லதும் உண்டு.

மரக்கறித் தோட்டத்தில் மூடுபடைத் தாள்

மிளகாய், தக்காளி, கெக்கரி முதலிய பயிர்களுக்கு மூடுபடைத் தாள் இடுவதாற் களை குறையும். மண்ணின் ஈரம் காக்கப்படும். காய்களிற் சேறு தெறிக்காது. ஆனால் தாளை முற்றாக அகற்றுதல் எளிதன்று.

ஓர் ஏக்கரிற் பத்தில் ஆறு பங்கு நிலத்தை 25 மைக்கிரோன் தடிப்புள்ள பொலிதீனால் மூடுவதாயின் ஏறத்தாழ 56 கிலோகிராம் தாள் செல்லும். அகற்றும்போது பத்தில் ஒரு பங்கு கிழிந்து மண்ணில் தங்குமாயின், பத்துப் போகத்தில் 56 கிலோகிராம் சேர்ந்துவிடும். அதாவது முழு ஏக்கரின் தாளும் மண்ணுட் புதைந்ததற்கு அது சமம். சீனாவின் சின்சியாங் பகுதிப் பருத்தி வயல்களில் மிக மெல்லிய தாள்களைப் பல ஆண்டுகள் இட்டதன் விளைவாக இந்நிலை ஏற்பட்டது. எஞ்சிய தாள்கள் வேரையும் நீரையும் தடுத்தன. இதனால் அந்நாடு மூடுபடைத் தாளின் மிகக் குறைந்த தடிப்பை 8 மைக்கிரோனிலிருந்து 10 மைக்கிரோனாக 2018 தொடக்கம் உயர்த்தியது. மெல்லிய தாள் வாங்கும்போது மலிவு, அகற்றும்போது அரிது.

மண்ணில் மட்குமென நிரூபிக்கப்பட்ட தாள்களும் உள்ளன. 2018 இல் வெளிவந்த ஐரோப்பியத் தரநிர்ணயத்தின்படி, 25 பாகையளவிலுள்ள மண்ணில் இரண்டாண்டுக்குள் நூற்றுக்கு 90 பங்கு காபனீரொட்சைட்டாக மாறக்கூடிய தாளே இப்பெயருக்குத் தகுதியுடையது. இத்தாள் சாதாரணமாக 15 மைக்கிரோன் அளவிற் செய்யப்படும். எனினும் பொருளின் அடர்த்தி கூடியது. மேற்கூறிய பரப்பிற்கு ஏறத்தாழ 46 கிலோகிராம் வேண்டும். கிலோகிராம் விலை பொலிதீனின் விலையைப் போல மூன்று மடங்கு எனக் கொள்வோமாயின், பொலிதீனுக்கு 100 ரூபா செல்லுமிடத்து இதற்கு ஏறத்தாழ 246 ரூபா செல்லும். வேறுபாடு 146 ரூபா. தாளை அகற்றும் கூலியும், அதனை ஏற்றிச் செல்லும் செலவும், மண்ணுக்கு நேரும் கேடும் சேர்ந்து இத்தொகைக்கு மேற்படுமாயின் மட்கும் தாள் இலாபமாகும். குடும்பத்தவரே தாளை அகற்றுவராயின், அல்லது தடித்த பொலிதீனை இரு போகத்துக்குப் பயன்படுத்துவராயின், இலாபம் இல்லை. கைக்கெட்டும் இடத்தில் வைக்கோலோ உமியோ இருப்பின் இவ்விரு தாளும் வேண்டியதில்லை.

கமக்காரர் தாமே செய்யத்தக்க சோதனை

மண்ணில் மட்குமெனக் கூறி விற்கப்படும் தாளை முழுத் தோட்டத்திற்கும் வாங்குமுன் பின்வருமாறு சோதித்தல் நன்று.

நுண்ணிய நைலோன் வலையால் மூன்று சிறு பைகளைத் தைத்துக்கொள்ளல் வேண்டும். ஒன்றில் ஒரு சாண் சதுரமான புதிய தாளையும், இரண்டாவதிற் சாதாரண பொலிதீனையும், மூன்றாவதிற் சாயமிடாத பருத்தித் துணியையும் இட்டு, ஈரமுள்ள பாத்தியில் 4 அங்குல ஆழத்திற் புதைக்க வேண்டும். இடத்தை ஒரு தடியால் அடையாளமிடல் வேண்டும். ஒவ்வொரு போக முடிவிலும் எடுத்துப் பார்த்து மீண்டும் புதைக்கலாம்.

பருத்தி உக்கியிருப்பின் மண் உயிருள்ளது. ஆகவே சோதனை நேர்மையானது. பருத்தி உக்கியும் புதிய தாள் பொலிதீனைப் போல இரண்டாண்டு கடந்தும் மாறாதிருப்பின், விற்பவரின் கூற்று அம்மண்ணிற்குப் பொருந்தாது. புதிய தாள் துணுக்குகளாகி வலையினூடே மறைந்திருப்பின் அது மட்கியதென்று உடனே முடிவு செய்யலாகாது; தூளாகியும் போயிருக்கலாம். எனவே, இச்சோதனை பொய்யை வெளிப்படுத்தவல்லது. மெய்யை நிறுவ ஆய்வுகூடச் சான்று வேண்டும். வாங்கும்போது எந்தத் தரநிர்ணயத்தின்படி, மண்ணிலா அல்லது கூட்டெரு நிலையத்திலா, எத்தனை மாதத்தில் என்பவற்றை எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

சுருக்கம்

1. தாவரத்திலிருந்து செய்யப்பட்டது என்பதும் மட்கும் என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே கேட்டறிக.

2. மண்ணில் மட்கும் எனச் சான்று பெற்ற தாளை மட்டுமே பாத்தியில் விட்டு உழுக. கூட்டெரு நிலையத்திற்கென்று குறிக்கப்பட்ட பொருளை வயலிற் புதைக்கற்க.

3. சாதாரண பொலிதீன் இடுவோர் தடித்த தாளைத் தெரிந்து, போக முடிவில் ஈரம் காயுமுன் சுருட்டி முற்றாக அகற்றுக. அதனை எரிக்கற்க.

4. வைக்கோலை விற்குமுன் அதிலுள்ள பொட்டாசின் பெறுமதியைக் கணக்கிடுக.

5. ஆலைக்கெனப் பயிரிடுமாறு அழைக்கப்படின், எழுத்தில் உறுதியும், வேறு சந்தையும் இருந்தாலன்றி நிலத்தை ஒதுக்கற்க.

மலிவான தாள் பின்னர் மண்ணைக் கொன்று விலை கேட்கும். விலையுயர்ந்த தாள் பெயரை மட்டும் தந்து ஏமாற்றவும் கூடும். இரண்டிற்குமிடையே கமக்காரரைக் காப்பது கணக்கும் சோதனையுமேயாகும். இவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, புதைத்தெடுத்த தாளையும் உடன் கொண்டுசென்று காட்டுதல் பயனுடையதாகும்.